உப்புக் காணியும் இரவுக் குளிசையும்

மீனுக்கு ஐஸ் போடும் கொட்டகை, இரண்டு லொறி, ஒரு கல்வீடு, கடல்நீர்க் களப்போரம் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்காத உப்புக் காணியில் தென்னந்தோட்டம். எல்லாம் நான் உண்டாக்கியது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வந்திறங்கியபோது கையில் ஒரு சொப்பிங் பேக்தான். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. தொட்ட வேலையை முடிக்காமல் விட்டவனில்லை நான்.

எச்.ஐ.வி.யைத்தான் முடிக்க முடியவில்லை. அது எப்படி வந்தது என்பது எனக்கும் படைத்தவனுக்கும் இடையிலான கதை. மனைவிக்குத் தெரியும், அவவுக்குத் தொற்றவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வருஷக்கணக்காக இரவுக்கு ஒரு மருந்துக் குளிசை. போன மாதம் கிளினிக்கில் டொக்டர்ப் பிள்ளை சிரித்தா.

"இந்த முறையும் இரத்தத்தில வைரஸ் பிடிபடேல்ல, ஐயா."

"அப்ப குளிசைய நிப்பாட்டுவமா, மகள்?"

"ஐயோ, வேண்டாம். அது போகேல்ல. உடம்பின்ட சில கலங்களுக்குள்ள, செல் எண்டுறமே, அதுக்குள்ள தூங்குது. அங்க கிடக்கிறத மருந்தால கொல்ல ஏலாது. நிப்பாட்டினா எழும்பிடும்."

வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் இருந்தேன், எழும்பினேன், வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்தேன். எனக்குள்ளேயே ஒருத்தன் என்னைக் கேட்காமல் படுத்துக் கிடக்கிறானாம்! குளிசைப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"இனி இல்ல. எழும்பட்டும், பாப்பம்."

மனைவி தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. நிமிரவேயில்லை.

"அப்ப தோட்டத்து மோட்டரையும் நிப்பாட்டுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"மோட்டர் பழுதாகி நல்ல தண்ணி இறைக்காமக் கிடந்தது மறந்துட்டா? அதுக்கு முந்தி மண்ண நக்கிப் பாத்து, உப்பே இல்லையெண்டு ஊரெல்லாம் பீத்தினீங்க. ஒரு கோடைக் காலந்தான். அடியில கிடந்தது வெள்ள வெள்ளயா மேல வந்திச்சே!"

வந்ததுதான். குருத்தெல்லாம் கருகியது. தோட்டத்துக்குப் போனேன். மோட்டர் இரைந்துகொண்டிருந்தது. உப்பு இப்பவும் அடியில்தான் கிடக்கிறது. நான் அதைத் துரத்தவில்லை, மேலே வர விடவில்லை, அவ்வளவுதான். தென்னை காய்க்கிறதே!

இரவு இஷா தொழுதுவிட்டு அலுமாரியைத் திறந்தேன்.

"முதலாளிக்குத் தண்ணி தரட்டா?" மனைவி சிரித்தா.

விழுங்கினேன். ஆனாலும் மனம் அடங்கவில்லை. படுத்தால் கையையும் வயிற்றையும் தடவிப் பார்க்கிறேன், எங்கே ஒளிந்திருக்கிறான் என்று.

டொக்டர்மார் என்னைப் போன்றவர்களைப் பற்றி மற்றவர்களிடம், மருந்து நல்லா வேலை செய்கிறது என்கிறார்கள். சரி, செய்கிறது. ஆனால் குளிசை தானாக நடந்து என் வாய்க்குள் வரவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் என் பேரைச் சொல்ல வேண்டாம். அவனை எழும்ப விடாமல் வைத்திருப்பதில் பாதி இந்தக் கிழவனின் வேலை என்று சொல்லுங்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.