மெதுவாக அழுத உங்களுக்கு

எங்கள் அம்மா குமராட்சிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வாழ்க்கைப்பட்டதும் அங்கேயேதான். நான் பிறந்து தீட்டு கழியும் முன்பே அம்மா நடவுக்குப் போகவேண்டியதாயிற்று. அன்று பிடித்த இடுப்பு வலி கடைசிவரை விடவில்லை. அப்பா பிழைப்புக்காக எங்களையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் வந்த பிறகு, இட்லி விற்று என்னைப் படிக்க வைத்தது அம்மாதான். யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை. ஆனால் பிரசவத்துக்காக நான் கடலூரிலிருந்து வந்து இறங்கிய அன்றே சொல்லிவிட்டார். "நான் பட்டது போதும். நீ புள்ளைக்குப் பால் குடு, தூங்கு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பார்த்தும் கொண்டார். பூண்டுக் குழம்பும் வெந்நீரும் படுக்கைக்கே வரும். துணி மடிக்கக் கை நீட்டினால்கூட எனக்குத் திட்டு விழும். பலாப்பழத்தோடு வந்த பண்ருட்டி மாமாவைத் தன் சொந்த அண்ணன் என்றுகூடப் பார்க்கவில்லை. "புள்ளையப் பாத்தாச்சில்ல? காபி குடிச்சிட்டு கெளம்புண்ணே. பேச்சு ஜாஸ்தியானா அவ தூங்க மாட்டா." மாமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார். அம்மா அதைச் சட்டை செய்யவேயில்லை.

அந்த அம்மா ஒரு காலையில் குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் வைக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. மரத்துப்போய்க் கிடக்கிறேன்.

அன்று மேளத்தை அப்பா தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். ஒப்பாரி வைக்க வந்தவர்களிடம், "மெதுவா அழுங்கம்மா. உள்ள என் பொண்ணு பச்ச ஒடம்போட படுத்திருக்கா. அவ அம்மா இருந்தா இந்நேரம் ஒங்கள உள்ளயே வுட்டிருக்க மாட்டா" என்றார். நான் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

பிள்ளை பெற்றவள் சாவுக் கூடத்துக்கு வரக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. உள்ளே வந்து என் கையைப் பிடித்தார். "வா, ஒங்கம்மாவ ஒருவாட்டி பாத்துட்டு வந்து படுத்துக்க." பார்த்தேன். வந்து படுத்துக்கொண்டேன்.

இன்றுவரை எங்களோடு தங்கி அடுப்படியைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியாருக்கும், முதல் ஆளாக ஓடிவந்து பாடைக்குத் தோள் கொடுத்த பண்ருட்டி மாமாவுக்கும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுத அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வாசல் இறங்கியது எனக்குத் தெரியாது. பால் குடித்த குழந்தையோடு நானும் தூங்கிவிட்டேன். நீங்கள் யாரும் என்னை எழுப்பவில்லை. அதற்கும் நன்றி.