நடுவில் விட்ட இடம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. பூனாவின் கேம்ப் பகுதியில் டீச்சராக இருந்த பிலிஸுக்கு, தேதியும் நேரமும்கூட மறக்கவில்லை.

1959, பிப்ரவரி 15. ஞாயிறு. அவள் கணவர் நார்மனுக்கு ஒரே பைத்தியம், போட்டோ. பெரிய ரோட்டை விட்டு இறங்கி, யாருக்கும் தெரியாத சின்ன ஊர்களாகப் பார்த்துப் படம் பிடிப்பார். அன்றைக்கு அவளையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். சாஸ்வட் தாண்டி, ஒரு மண் பாதை. அதன் முடிவில் ஓர் ஊர். மணி 11.40.

ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அதுவே பிலிஸுக்குப் பிடிக்கவில்லை.

கோயில் படிகளில் எட்டுப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். நல்ல துணி உடுத்தி, போட்டோவுக்கு நிற்பதுபோல. இவர்கள் வருவது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கேமராவை இன்னும் பையிலிருந்தே எடுக்கவில்லையே...

வரிசையின் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"ஜாகா ஆஹே," என்றார் ஒரு கிழவர், மராத்தியில். இடம் இருக்கிறதாம். அவர் பார்த்தது பிலிஸை.

"போய் நில்லு பிலிஸ். இல்லைன்னா வருத்தப்படுவாங்கல்லா."

"எனக்குச் சரியாப் படலை. வாங்க, போயிரலாம்."

"அப்ப நான் நிக்கேன். நீ அமுக்கு."

நார்மன் போய் நின்றார். இரண்டு பக்கத்துத் தோள்களும் அவரை நெருங்கின. மணி 12.05. அவள் அமுக்கினாள்.

டிக்.

"வாங்க," என்றாள். அவர் அசையவில்லை. இரண்டாவது முறையும் அசையவில்லை. மூன்றாவது முறைதான் இறங்கி வந்தார். அந்த வெயிலிலும் கை சில்லென்று இருந்தது.

வண்டி ஓட்டும்போது எப்போதும் பாட்டுப் பாடுவார். அன்றைக்குப் பாடவில்லை. கேம்ப்புக்குள் நுழையும் முச்சந்தியில் வண்டியை நிறுத்தினார்.

"வீடு எந்தப் பக்கம்?"

பதினோரு வருஷமாகக் குடியிருக்கும் வீடு.

புதன்கிழமை ஸ்டுடியோவில் பிரிண்ட் வாங்கினாள். எட்டுப் பேர் இருந்தார்கள். நடுவில் இடம் அப்படியே இருந்தது.

நார்மன் இல்லை.

சீக்கிரம் அமுக்கிவிட்டேன் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ராத்திரி அவள் அவர் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. அவர் கேமராவைத் தொடவேயில்லை. அதை ஏன் என்று கேட்கவும் அவளுக்குப் பயம்.

மார்ச் 25. மாலை 4.10. ஸ்டுடியோ ஸ்வாமிநாதன் வீட்டுக்கே வந்தார்.

"டீச்சரம்மா, ஞாயித்துக்கிழமை நீங்க படம் பிடிச்சதாச் சொன்ன அந்த ஊருக்குப் போனேன். ஜனங்க தானா வந்து நின்னாங்க. சாரும் நின்னார். கூப்பிட்டேன், பதிலே இல்லை."

அந்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. நாள் முழுக்க நார்மன் அவள் பக்கத்தில்தான் இருந்தார்.

படத்தை வாங்கிப் பார்த்தாள். ஒன்பது பேர். நடுவில் நார்மன். பிப்ரவரியில் போட்டிருந்த அதே கோடு போட்ட சட்டை. வாய் பாதி திறந்திருந்தது... யாரையோ கூப்பிடுவதுபோல.

பின்னால் காலடிச் சத்தம்.

வீட்டிலிருந்தவர் வந்து, அவள் தோளுக்கு மேலாகப் படத்தை எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு இது?" என்று கேட்டார்.