இரண்டு பேருக்கு மட்டும் ஒரு கார்

போன வாரம் திருமயம் பஸ் நிறுத்தத்தில் ஓர் எருமை என் காருக்குள் எட்டிப் பார்த்தது. கீழிருந்து மேலாக அல்ல, மேலிருந்து கீழாக!

எருமை குனிந்து பார்க்கிற உயரத்தில் இருக்கும் காரைப் புத்தியுள்ள வக்கீல் எவனாவது வாங்குவானா? நான் வாங்கியிருக்கிறேன். இங்கிலாந்தில் பந்தயத்துக்கென்று செய்த பழைய வண்டி. சிவப்பு நிறம். இரண்டே சீட். தலைக்கு மேலே கான்வாஸ் கூரை உண்டு. காற்று பலமாக அடித்தால் அது தானாகவே பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். இதில்தான் தினமும் புதுக்கோட்டையிலிருந்து திருமயம் கோர்ட்டுக்குப் போய் வருகிறேன்.

எருமை நிதானமாகப் பெருமூச்சு விட்டது. என் கோட்டின் தோள்பட்டை நனைந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் என் கட்சிக்காரர் ஒருவரும் இருந்தார். எதிர்க்கட்சிக்காரரும் இருந்தார். இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

போதும், இந்த வண்டியை மாற்றிவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அந்த முடிவால் என் வீட்டில் நடந்ததைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

வண்டி வாங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சமஸ்தானம் போன பிறகு எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் கார்கள் கொட்டகைக்குள் சும்மா நிற்கின்றன. பெட்ரோல் போட ஆளில்லை, ஓட்டவும் ஆளில்லை. திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டில் இரண்டு வண்டிகளை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள் என்று தகவல் வந்தது. பார்க்கப் போனோம். நான், என் மனைவி விசாலம், யோசனை சொல்ல நண்பர் ராவுத்தர். ராவுத்தருக்குக் கடைவீதியில் ஜவுளிக் கடை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்லுவார்.

கொட்டகையில் ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. கறுப்பு வண்டி நாலு கதவு வைத்த குடும்ப வண்டி. பின்சீட் கட்டில் மாதிரி அகலம். பின் ஜன்னல்களில் பெண்பிள்ளைகளுக்காகத் துணித் திரைகூடத் தொங்கியது. சிவப்பு வண்டி அந்த வீட்டுப் பையன் மலேயாவிலிருந்து கொண்டுவந்தது. பையன் திரும்பவும் மலேயாவுக்கே போய்விட்டான், வண்டி இங்கே தங்கிவிட்டது. விலையில் பெரிய வித்தியாசமில்லை.

“வக்கீலய்யா, கறுப்ப எடுங்க. கோட்டும் கறுப்பு, வண்டியும் கறுப்பு. ஆறு பேரு அலுங்காம போகலாம்” என்றார் ராவுத்தர்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. விசாலம் இரண்டு வண்டியையும் சுற்றிச் சுற்றி வந்தாள். கறுப்பு வண்டியின் பின்கதவைத் திறந்து பார்த்தாள், மூடினாள். சிவப்பு வண்டிக்குப் பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“செவப்பையே எடுப்போங்க.”

“ஏன்?”

“பாக்க நல்லாருக்கு.”

பெண்கள் நிறத்தைப் பார்த்துத்தான் எதையும் எடுப்பார்கள் என்று ராவுத்தர் என் காதில் சொன்னார். ஜவுளிக் கடைக்காரர், அனுபவம் பேசுகிறது என்று நானும் தலையாட்டினேன். கல்யாணமானதிலிருந்து அவள் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை. கேட்ட ஒன்றை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. அதோடு... பொய் சொல்வானேன், அந்தச் சிவப்பு என் கண்ணையும் பறித்துவிட்டது.

பழைய பந்தய வண்டியைத் தினசரி ஓட்டுவது எப்படியிருக்கும் என்று கேட்கிறீர்களா? காலையில் ஹாண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். அதற்குள் குளித்ததெல்லாம் வீணாகிவிடும். கண்மாய்த் தண்ணீர் வழியும் கலுங்கைத் தாண்டும்போது வயிறு தரையில் உரசும், வண்டிக்கும் எனக்கும் சேர்த்து. கோர்ட்டுக்குள் நுழையும்போது வெள்ளைச் சட்டை செம்மண் நிறத்தில் இருக்கும். மழைக்கு ஒதுங்க முடியாது. ஆனால் நம் ஜில்லாவில் மழை பெய்தால் நனையத்தான் எல்லாருக்கும் ஆசை, ஆகையால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் பெரிதில்லை. பெரிய தொந்தரவு அந்த இடது பக்கத்துச் சீட்டுதான்.

நம் ஊரில் கார் வைத்திருப்பவனிடம் யாரும் இடம் கேட்பதில்லை. “புதுக்கோட்டதான போறீங்க?” என்று விசாரிப்பார்கள். ஆமாம் என்று வாய் திறப்பதற்குள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். நாலு கதவு வண்டி என்றால் கவலையில்லை, அள்ளிப் போட்டுக்கொண்டு போகலாம். இதில் ஒருத்தருக்குத்தான் இடம். தினமும் ஒருவரைச் சிநேகிதராக்கிக்கொண்டு மூன்று பேரைப் பகைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய அன்று ஆத்தா ஏறினாள். பெற்ற தாய், அவளுக்குத்தானே முதல் இடம்? “இதுல ஏறணுமா எறங்கணுமா?” என்று கேட்டுக்கொண்டே ஏறினாள். மறுநாள் கட்சிக்காரர். அதற்கு மறுநாள் கோர்ட் குமாஸ்தா. ராவுத்தர் கொள்முதலுக்குப் போகும்போதெல்லாம் மடியில் துணி மூட்டையோடு ஏறிக்கொண்டார். கந்தர்வக்கோட்டைக்காரர் ஒருவர் முந்திரி மூட்டையை மட்டும் சீட்டில் ஏற்றிவிட்டு, அவர் பஸ்ஸில் வந்தார்.

விசாலம் மட்டும் ஏறவில்லை. ஏறுகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, ஏறு என்று நானும் சொல்லவில்லை. தினமும் காலையில் ஈரத்துணி கொண்டு அந்தச் சீட்டைத் துடைப்பாள். சுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

எருமை சம்பவத்தன்று நேரே செட்டியார் வீட்டுக்குப் போனேன். கறுப்பு வண்டி இன்னும் விலைபோகாமல் நின்றது. வீட்டு ஏஜெண்ட் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை சிவப்பைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கறுப்பை எடுத்துக்கொண்டு போகலாம் என்று பேச்சு முடிந்தது.

வீட்டில் சொன்னேன். ஆத்தாவும் விசாலமும் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். விசாலத்தின் கை நின்றது.

“கறுப்பு வண்டியில நான் எங்கிட்டு உக்காருவேன்?”

“பின்னாடிதான். தாராளமா இருக்கலாம். திரைகூட இருக்கு.”

“அதுக்குத்தான் அத வேண்டாம்னேன்.”

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். குரல் உயரவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டது.

“நம்ம கல்யாணத்தன்னிக்கு ஒரே கார்லதான் வந்தோம். நீங்க டிரைவர் பக்கத்துல. நான் பின்னாடி உங்க சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் நடுவுல, மடியில குத்துவிளக்கு. பஸ்ல பொம்பளை சீட்டு தனி. வாடகைக் கார்ல போனாலும் நீங்க முன்னாடி, நான் பின்னாடி. இம்புட்டு வருசத்துல ஒங்க பக்கத்துல உக்காந்து நான் எங்கிட்டும் போனதில்லைங்க. பின்னாடியே இல்லாத வண்டி ஒண்ணு உலகத்துல இருக்குன்னு அன்னிக்கு அந்தக் கொட்டகையிலதான் பாத்தேன்.”

நிறம் பார்த்து எடுத்தாளாம்! வக்கீல் ஒருவரும் ஜவுளிக் கடைக்காரர் ஒருவரும் சேர்ந்து கொடுத்த தீர்ப்பு. அப்பீலுக்குக்கூட லாயக்கில்லை.

ஆத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். பயந்துகொண்டுதான். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து கடைவீதி வழியாக மருமகள் போவதா? ஊர் என்ன சொல்லும்? கறுப்பு வண்டிதான் வேண்டுமென்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தவள் ஆத்தா.

அவள் அவரைக்காயை விட்டுத் தலை நிமிரவில்லை.

“ஒங்க அப்பாரு கூண்டு மாட்டு வண்டிய ஓட்டிக்கிட்டு முன்னாடி உக்காருவாரு. நான் உள்ள. திருநாளோ சாவோ, எங்க போனாலும் அப்படித்தான். அவரு பிடரியில ஒரு மச்சம் இருக்கும். அது எனக்கு இப்பவும் கண்ணு முன்னால நிக்குது. மொகம் மட்டும் போட்டாவைப் பாத்தாத்தாம்ப்பா வருது.”

நார் உரித்த காயை முறத்தில் போட்டுவிட்டு ஆத்தாவே சொன்னாள்: “செட்டியார் வீட்டுக்கு ஆளனுப்பி வேண்டாம்னு சொல்லிருப்பா.”

ஞாயிற்றுக்கிழமை ஆவுடையார்கோவில் போகலாம் என்றேன். ஆத்தாவையும் கூப்பிட்டேன். முறைத்தாள். “எங்க உக்கார? ஒன் தலையிலயா? போயிட்டு வாங்க ரெண்டு பேரும்.”

கிளம்பினோம். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. இவ்வளவு பேர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். விசாலம் முந்தானையை இழுத்து மூடித் தலையைக் குனிந்துகொண்டாள். கடைவீதியில் ராவுத்தர் கையில் முழக்கோலோடு ஓடிவந்தார்.

“வக்கீலய்யா! கறுப்பு என்னாச்சு?”

“வேண்டாம்னுட்டோம்ணே” என்றாள் விசாலம், நான் வாய் திறப்பதற்குள். ராவுத்தர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியில் காலியாக எதுவும் இல்லாததையும் பார்த்தார். அன்றைய கொள்முதலுக்கு அவர் பஸ்ஸில் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஊர் எல்லை தாண்டியதும் முந்தானை தானாக நழுவியது. அவள் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். காற்றில் பாதிதான் காதில் விழுந்தது. விழுந்த பாதியே எனக்குப் புதுசாக இருந்தது. இவளுக்கு இவ்வளவு சிரிக்கத் தெரியுமா? ஒரு திருப்பத்தில் தெரிந்தவர் ஒருவர் கை காட்டினார். இந்த வண்டி வாங்கியதிலிருந்து முதல் தடவையாக, சந்தோஷமாக, “இடமில்லை!” என்று கத்திவிட்டுப் போனேன்.

கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் என் கையையும் காலையும் கவனித்துக்கொண்டே வந்தாள். எந்த மிதியை எப்போது மிதிக்கிறேன், கியரை எப்படித் தள்ளுகிறேன் என்றெல்லாம். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கும் ஓட்டச் சொல்லித் தாரீங்களா?”

தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து எனக்கு ஒரே யோசனை...

பயந்தால் பின்னால் போய் ஒளிந்துகொள்ள இந்த வண்டியில் ஓர் இடம் வைத்திருக்கலாம்!