நத்தை கடித்த ஆடாதொடை

அந்தக் காலத்து மூலிகை நூல்களில் படமே கிடையாது. சுவடியில் பாட்டும் பெயரும்தான். செடியை முன்பே பார்த்தவனுக்குத்தான் அது எதுவென்று புரியும். அச்சு வந்தபின் படமும் வந்தது. ஆனால் ஒருவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் போட, அதைப் பார்த்து இன்னொருவர் போட, துளசியும் தும்பையும் ஒன்றாகிவிட்டன. "செடியைக் கண்ணால பார்க்காதவன்லாம் வரையறான்" என்று என் கணவர் பொருமுவார். மூலிகை அகராதிகளுக்குப் படம் வரைவதுதான் அவர் தொழில்.

வலியசாலை வீட்டுக் கொல்லையில் நான் வளர்த்த ஆடாதொடையை வரைய, ஒரு மழைக்காலக் காலையில் உட்கார்ந்தார். நத்தை ஒரு இலையின் ஓரத்தைப் பிறை மாதிரி தின்றிருந்தது. மனுஷர் அந்த இலையையே வரைகிறார்! எனக்கு வந்ததே கோபம்.

"ஏன்னா, வேற இலையே கெடைக்கலையா? என் செடிக்கு மானம் போறது!"

"நான் பார்த்த இலை இதுதாண்டி."

புத்தகத்திலும் அப்படியே வந்தது. மூலப்படங்கள் மூடிப்போன பதிப்பகத்தோடு போயின. வீட்டிலிருந்த ஒரே பிரதியைக் கரையான் தின்றது. அவர் போனபிறகுதான் உறைத்தது, அவர் கை போட்ட ஒரு கோடுகூட என்னிடம் இல்லை என்று. அந்தப் புத்தகத்துக்காக ஏறாத கடையில்லை.

போன வாரம் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, பக்கத்துப் புத்தகக் கடையில் கேட்டேன்.

"பழயது இல்லல்லோ அம்மே. புதியது உண்டு, நோக்கிக்கோளூ" என்று மலையாளத்தில் சொல்லி, கடைக்காரர் வேறொரு மூலிகை அகராதியை நீட்டினார்.

வேண்டாவெறுப்பாகப் புரட்டினேன். ஆடாதொடை. இலையோரத்தில் அதே பிறை! எந்தப் புண்ணியவானோ அவர் படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறான். அதோடு விட்டானா? இந்தச் செடியின் இலை ஓரத்தில் பிறை வடிவப் பள்ளம் இருக்கும் என்று கீழே விளக்கம் வேறு.

கடையென்றும் பாராமல் சிரித்தேன். பிறகு விரலால் தடவிப் பார்த்தேன். கோடு அவருடையது இல்லை. தடித்து, அவசரமாக இருந்தது. கடி மட்டும் அவர் பார்த்தது. அதுவே போதுமென்று வாங்கினேன்.

வீடுவரை ஓட்டமும் நடையுமாக வந்தேன். கதவைத் திறந்ததும், "ஏன்னா, கேட்டேளா? நம்மாத்து நத்தை..." என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன்.