வெள்ளிக்கிழமை விடுபட்ட இருவர்

அடையாள அட்டையில் அவர் பெயர் ஸக்கரிய்யா. எங்களுக்கு அவர் ஸக்கா கேயோளு. தோணியை நடத்துகிறவரைக் கேயோளு என்றுதான் கூப்பிடுவோம், அது மரியாதை. அவர் காதுபடாத இடத்தில் வேறு பெயர்களும் உண்டு. அவற்றை இங்கே எழுத முடியாது, பாதி நான் வைத்தவை.

ஐம்பத்தாறு வயது, குட்டை உருவம், வாயில் எந்நேரமும் பாக்கு. நாங்கள் வேலை பார்த்த பெரிய கப்பலில் பதினோரு அறைகள். படுத்தபடியே கடல் தெரியும் கட்டில்கள், மேல்தளத்தில் வெந்நீர்த் தொட்டி, முதுகு பிடித்துவிட பாலியிலிருந்து வந்த ஒரு பெண். விருந்தாளிகள் ஒரு வாரம் அதிலேயே தின்று தூங்கி, நாளைக்கு மூன்று முறை கடலடியில் போய் சுறா பார்த்து வருவார்கள். அவர்களை முங்கும் இடத்துக்குக் கொண்டுபோவதும், மேலே வந்ததும் பொறுக்கி எடுப்பதும் எங்கள் தோணி. கப்பலில் வாசனை மெழுகுவர்த்தி எரியும். தோணியில் டீசலும் நேற்றைய சூரை மீனும் மணக்கும். சிலிண்டர்களில் காற்று அடைப்பது என் வேலை. என் பெயர் ஃபிக்ரி.

கேயோளு இருபத்திரண்டு வருடமாக, முங்குகிறவர்கள் விடும் குமிழிகளைப் பார்த்தே தோணி விட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட அவர் முங்கியதில்லை. கேட்டால், "மீனைப் பாக்க அது வீட்டுக்கே போகணுமா? தட்டுல வரும்போது பாத்துக்கறேன்" என்பார். அதற்கு முன்னால் சூரை மீன் பிடித்தவர். ஆங்கிலத்தில் 'ஓகே', 'ஜம்ப்', 'கம்', 'நோ' ஆகிய நான்கு சொற்கள் தெரியும். அந்த நான்கை வைத்து ஜெர்மன்காரர், ஜப்பான்காரர் எல்லோரையும் மேய்த்துவிடுவார். மிச்சத்துக்கு நான் மொழிபெயர்க்க வேண்டும். கோபம் வந்தால் எங்களைத் திட்டுவார், பிறகு சாயா போட்டுக் கொடுப்பார். எண்ணிக்கையில் மட்டும் விளையாட்டு கிடையாது. ஏறியவன் முகத்தைத் தன் கண்ணால் பார்க்காமல் அவர் தோணியைத் திருப்பியதில்லை, அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் காலை முங்கலைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். ஜும்ஆ தொழுகைக்குப் பக்கத்துத் தீவுக்குப் போக வேண்டும். அன்று விருந்தாளிகள் புறப்படவே பத்து மணி ஆகிவிட்டது. ஒருவருக்குக் கேமரா பேட்டரி, இன்னொருவருக்கு வயிறு. எட்டுப் பேரும் வழிகாட்டி ஹுஸாமும் கிழக்கு வாயில் குதித்தார்கள். வெளிக்கடலும் உள்கடலும் போய்வருகிற இடைவெளியைத்தான் வாய் என்கிறோம். அந்தப் பருவத்தில் கிழக்கு வாயில் நீர் உள்ளே ஓடும். குதித்தவனை அதுவே உள்ளே அமைதியான தண்ணீருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதனால் யாருக்கும் பெரிய கவலை இல்லை. வேறு இரண்டு கப்பல்களின் தோணிகளும் அங்கேயே நின்றன.

எட்டுப் பேரில் ஒரு ஜோடி சுவிட்சர்லாந்துக்காரர்கள். ஊர்ஸ், அவர் மனைவி வெரேனா. இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும், இருவருக்கும் நரைத்த தலை. அந்த அம்மாள் தினமும் கேயோளுவுக்குக் கைகூப்பிக் காலை வணக்கம் சொல்வாள். அது எந்த நாட்டுப் பழக்கம் என்று கேயோளு என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு ஹுஸாமும் ஆறு பேரும் மேலே வந்தார்கள்.

"மத்த ரெண்டு பேர்?" என்றார் கேயோளு.

"சுவிஸ் ஜோடியா? அந்தம்மாவுக்குக் காது வலி. பாதியிலேயே மேல போறோம்னு சைகை காட்டிட்டுப் போனாங்க. நீங்க எடுக்கலையா?"

அதே நேரம் வயர்லெஸ்ஸில் பக்கத்துத் தோணி ஜாபிரின் குரல் வந்தது. "ஸக்கா அண்ணே, வயசான ஜோடி ஒண்ணு எங்க தோணில ஏறியிருக்கு. நரைச்ச தலை. பாஷை ஒண்ணும் புரியல. உங்களுதா?"

விருந்தாளிகள் தோணி மாறி ஏறுவது வாரம் ஒரு முறையாவது நடக்கும். மேலே வந்தவனுக்கு எல்லாத் தோணியும் ஒரே தோணிதான். கேயோளு வயர்லெஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். நீரோட்டத்தில் தோணியின் பின்பக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"நீர் வெளிப்பக்கமாத் திரும்புது ஃபிக்ரி. போய் ஒரு பார்வை பாத்துட்டு வந்துருவோம்."

ஜாபிரின் தோணி வாயின் மறுகரையில் இருந்தது. போய்வரக் கால்மணி நேரம். நான்தான் சொன்னேன்: "எட்டும் சேந்தாச்சுல்ல கேயோளு. இப்ப கிளம்பினாத்தான் ஜும்ஆ. ஜாபிர் கொண்டுவந்து விடப்போறான், அப்ப பாத்துக்கலாமே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வயர்லெஸ்ஸில், "எங்களுதுதான். கப்பல்ல விட்டுரு" என்றார்.

தோணி கிளம்பியதுமே நான் காற்றடைக்கும் இயந்திரத்தை ஓட்டினேன். வழக்கமாகக் கப்பலைச் சேர்ந்த பிறகுதான் ஓட்டுவேன். அன்று தொழுகைக்கு முன்னால் வேலையை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். அது போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேச்சே கேட்காது.

கப்பலைச் சேர்ந்தோம். ஆறு பேர் இறங்கிப் போய்விட்டார்கள். ஜாபிரை இன்னும் காணோம். இரண்டு சிலிண்டர் குறைந்ததால் நானே அவனை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன்.

"ஜாபிர், எங்க சிலிண்டர் ரெண்டும் பத்திரமா? பச்சைப் பட்டை போட்டது."

"பச்சைப் பட்டையா? அந்த ஜோடிகிட்ட இருந்தது வெறும் வெள்ளை சிலிண்டர்ப்பா. அவங்க உங்க ஆளுங்க இல்ல, மூணாவது கப்பல் ஆளுங்க. அவங்க தோணி வந்ததும் தாவி ஏறிட்டாங்க. அதைச் சொல்லத்தான் ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீங்க யாருமே எடுக்கல."

என் கை இயந்திரத்தின் மேல் இருந்தது. கேயோளு பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டு ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தார். ஹுஸாமும் தாவி ஏறினான். மணி பதினொன்று நாற்பத்தைந்து. அந்த இருவரும் தண்ணீரில் இருப்பதே நாற்பது நிமிடமாக எங்களுக்குத் தெரியாது.

வாய்க்குத் திரும்பியபோது நீர் முழுவதும் வெளிப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. மேற்பரப்பு சோற்றுப்பானை போலக் குமுறியது. வெளியே இருப்பது வெறும் கடல், அடுத்த கரை எங்கே என்று சொல்ல ஆளில்லை. பெரிய கப்பலின் கேப்டன் கடலோரக் காவல் படைக்குச் சொல்லிவிட்டார். மற்றத் தோணிகளும் வந்து, காற்று தள்ளும் திசையில், தென்மேற்கே பவளத்திட்டின் ஓரமாகத் தேட ஆரம்பித்தன.

"நாமளும் அங்கதான் போகணும்" என்றான் ஹுஸாம். அவன் உதடு வெளுத்திருந்தது. "அந்தப் பெரியவருக்கு நெஞ்சுக்கு மாத்திரை உண்டு கேயோளு. வந்த அன்னைக்கே என்கிட்ட எழுதிக் கொடுத்தாரு. ரொம்ப நேரம் தாங்க மாட்டாரு."

"காத்து படகைத் தள்ளும். தலை மட்டும் வெளிய இருக்கிற ஆளை நீர்தான் இழுக்கும்" என்றார் கேயோளு. "ஃபிக்ரி, அந்த இருபது லிட்டர் கேன்ல முக்காலுக்கு மேல தண்ணி ரொப்பு."

நிரப்பினேன். வாயின் வெளி முனையில் அதைப் போட்டார். கழுத்து மட்டும் வெளியே தெரிய அது மிதந்தது. இயந்திரத்தை மெதுவாக வைத்து அதன் பின்னாலேயே போனார். கயிறு அறுந்து போன மிதவையைத் தேட சூரைக்காரர்கள் செய்வது இதைத்தான். ஹுஸாமுக்கு அது தெரியாது. அவன் தலைநகரத்துப் பையன்.

"மனுஷங்க செத்துக்கிட்டிருக்காங்க, நீங்க கேனுக்குப் பின்னாடி ஊர்வலம் போறீங்க" என்று கத்தினான்.

"கத்துறதுன்னா கூரை மேல ஏறிக் கத்து. அங்கேருந்து கண்ணாவது உதவும்."

கால்மணி நேரம். எனக்கு அது முடிகிற மாதிரியே இல்லை. கேன் முதலில் நேர் கிழக்கே போனது, பிறகு மெல்ல வளைந்து வடகிழக்கே. எல்லோரும் தேடிக்கொண்டிருந்த பக்கத்துக்கு நேர் எதிர். கேயோளு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், உதடு அசையக் கணக்குப் போட்டார். அப்போது என் சட்டைப்பையில் கைபேசி ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்தது. அணைக்கப் போனேன்.

"விடு, சொல்லட்டும்" என்றார். சொல்லி முடிந்ததும் சுக்கானை வடகிழக்கே திருப்பி முழு வேகத்தில் விட்டார்.

அந்தத் திசை தப்பாக இருந்தால் இரண்டு பேரும் போனவர்கள்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலைந்து மைல் போன பிறகு இயந்திரத்தை அணைத்தார். அலை எங்களை ஏற்றி இறக்கியது. மூவரும் காது கொடுத்தோம். ஒன்றும் இல்லை. இன்னும் அரை மைல் போய் மறுபடி அணைத்தார். ஒன்றும் இல்லை. இயந்திரத்தை ஓட்டியவன் நான், கிளம்பச் சொன்னவன் நான். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாவது தடவை அணைத்தபோது ஹுஸாம் கூரை மேலிருந்து, "மஞ்சளா ஏதோ தெரியுது" என்றான். சொல்லிவிட்டு, "இல்ல, போயிருச்சு" என்றான். பிறகு அவன் குரல் உடைந்தது. "இருக்கு கேயோளு, இருக்கு. இடது பக்கம்."

வெரேனா காலில் மாட்டும் மஞ்சள் துடுப்பைக் கழற்றி, கையில் உயர்த்திப் பிடித்திருந்தாள். தோணிக்கு அடையாளம் காட்ட ஊதும் பலூன் கிழிந்துபோயிருந்தது, அதன் கயிற்றால் கணவனைத் தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். ஊர்ஸ் தலை பின்னால் சாய்ந்து கிடந்தது. ஹுஸாம் குதித்தான். நானும் கேயோளுவும் பெரியவரைத் தூக்கிப் போட்டோம். உதடு நீலம். தோணியில் அவர் விட்டுப்போன பையிலிருந்து மாத்திரையை எடுத்து நாக்கின் கீழ் வைத்து, ஆக்சிஜன் முகமூடியை மாட்டினான் ஹுஸாம். கடைசியில் அவர் இருமினார், உப்புத் தண்ணீரைக் கக்கினார், மனைவியின் கையைத் தடவித் தேடினார். மணி இரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது.

திரும்பும் வழியில் அந்த அம்மாள் போர்வைக்குள் நடுங்கியபடி கேயோளுவைப் பார்த்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அவருக்குச் சொன்னேன்: "'இவரு கண்ணை மூடினா தூங்கிடுவாரு. அதனால நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், அந்தத் தோணிக்காரரு முதல் நிமிஷத்துலேருந்து நம்மளத் தேடிக்கிட்டிருக்காரு, எண்ணாம போற ஆள் இல்ல அவருன்னு. அதைச் சொல்லிச் சொல்லித்தான் பிடிச்சுவச்சேன்'னு சொல்றாங்க."

கேயோளு சுக்கானை ஹுஸாமிடம் கொடுத்துவிட்டு வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"இல்லன்னு சொல்லு. நான் எண்ணல. முகத்தைப் பாக்காம அடுத்தவன் பேச்சைக் கேட்டு விட்டுட்டுப் போயிட்டேன். நாப்பது நிமிஷம் நீங்க இல்லங்கறதே எனக்குத் தெரியாது. சொல்லு."

"அப்புறம் சொல்லிக்கலாம் கேயோளு. அவங்க இப்ப..."

"இப்பச் சொல்லுடா. ஒரு வார்த்தை விடாம."

ஹுஸாமுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அவன் திரும்பவே இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சுக்கானைப் பிடித்திருந்தான். நான் அந்த அம்மாளிடம் சொன்னேன்: "தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிறார்."

அவள் கண் நிறைந்துவிட்டது. போர்வையிலிருந்து இரண்டு கைகளையும் நீட்டி அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அதனால் ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை" என்றாள். அதை மட்டும் நான் சரியாக மொழிபெயர்த்தேன். அவர் அப்படியே தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அது நடந்து ஆறு வருடமாகிறது. இப்போதும் எந்தத் தீவில் சாயா குடிக்க உட்கார்ந்தாலும், புதிதாக வந்த கேயோளுகளுக்கு அவர் அந்த வெள்ளிக்கிழமையை மறைக்காமல் சொல்கிறார். தன் தப்பை ஒன்றுக்கு இரண்டாக்கிச் சொல்வார். இயந்திரத்தைப் பற்றியோ, கிளம்பச் சொன்னவனைப் பற்றியோ ஒரு வார்த்தை வராது. கடைசியில், "எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் என் கையைப் பிடிச்சாங்க. அந்த மாதிரி மனசு யாருக்கு வரும்? நம்பலைன்னா ஃபிக்ரியைக் கேளு, அவன்தான் எடுத்துச் சொன்னான்" என்பார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன்.