டார்லின் அக்காவின் நூல் பூக்கள்

பிளஸ் டூ முடித்த கையோடு கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பரோட்டாவை உறைய வைத்துப் பாக்கெட் போடும் வேலை. அந்த அறை எப்போதும் குளிரும். அதனால் எங்கள் இருபது பேருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிற ஸ்வெட்ஷர்ட் கொடுத்திருந்தார்கள். அதன் மேல் வெள்ளைக் கோட்டு. கழற்றி மாட்டிவிட்டுப் போனால் மறுநாள் எது யாருடையது என்று தினமும் சண்டை.

சண்டையைத் தீர்த்தவர் டார்லின் அக்கா. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை மூடி எல்லாரும் மலையிறங்கியபோது குடும்பத்தோடு இறங்கி வந்தவர். இப்போது அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் ஊசியோடு உட்கார்ந்து ஒவ்வொருவர் ஸ்வெட்ஷர்ட்டிலும் ஒரு அடையாளம் தைத்தார். எனக்குப் பழைய புடவைத் துணியில் வெட்டிய மீன். என் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் அஃப்ராவுக்கு இரண்டு கை முனையிலும் வெள்ளை முத்துகள், ஒரு கைக்கு இருபது. சிலருக்கு ஜிகினா.

"மலைக்காரங்களுக்குக் குளிரே தெரியாது போல. வெரலு எப்படி ஓடுது பாரு!" என்றாள் அஃப்ரா.

"பேசாம கைய நீட்டுட்டி. குத்திருவேன்."

ஒரு நாள் பரோட்டா வரும் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா அஃப்ராவின் கையையே பார்த்தார். கோட்டுக்கு வெளியே தெரிந்த முனையில் ஒரு முத்தைக் காணவில்லை.

"யக்கா, சொல்லாதீங்க. உங்க வேலை போயிரும்," என்றாள் அஃப்ரா.

"எந்த ஊருப் பிள்ளையாவது முழுங்கிட்டா?" என்றபடி அக்கா சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பெல்ட் நின்றது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அமுக்கியிருப்பேனா, தெரியவில்லை.

சூப்பர்வைசர் பாக்கியசீலன் சார் ஓடி வந்தார். "யாரு நிறுத்துனது?"

"நான்தான் சார். முத்து ஒண்ணு விழுந்துட்டு. தைச்சதும் நான்தான்."

அது பிளாஸ்டிக் முத்து, உலோகத்தைத் தேடும் எந்திரம் கண்டுபிடிக்காது. பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒரு மணி நேரம் கழித்து, ஒட்டிய பாக்கெட் ஒன்றுக்குள், பரோட்டாவின் மடிப்பில் அது இருந்தது.

"மேனேஜர் சொல்லுத வரைக்கும் வேலைக்கு வராதம்மா," என்றார் சார். எங்களைப் பார்த்து, "எல்லாத்தையும் பிரிச்சு எறிங்க," என்றார்.

அக்கா எறியவிடவில்லை. இருபது ஸ்வெட்ஷர்ட்டையும் சாக்கில் கட்டிக்கொண்டு போனார். நான்காம் நாள் காலை கேட்டில் வந்து நின்றார். முத்து, ஜிகினா எதுவும் இல்லை. அவை இருந்த இடத்தில் வெறும் நூலில் சங்கிலித் தையல் போட்ட பூக்கள், ஆளுக்கு ஒரு விதம். உள்பக்கத்து முடிச்சுகளின் மேல்கூடத் துணி வைத்து மூடியிருந்தார்.

சார் ஒரு பூவை நகத்தால் இழுத்தார். அசையவில்லை.

"துவைச்சா பிரிஞ்சு வராதா?"

"துவைச்சுப் பாருங்க சார்."

அஃப்ராவுடையதை சார் தன் வீட்டுக்கே எடுத்துப் போனார். மறுநாள் கேட்டில் அக்கா காத்திருக்க, நாங்களும் சுற்றி நின்றோம்.

"மூணு தடவ மெஷின்ல போட்டேன். பூ எல்லாம் நிக்குது," என்று விரித்துக் காட்டினார். "ஆனா இங்கன நூலு பிரிஞ்சிருக்கு, பாரு."

அக்கா கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தார். "அது கம்பெனி போட்ட தையல் சார்."

அஃப்ராதான் முதலில் சிரித்தாள். சார் சிரிப்பை மறைக்க வாயைத் துடைத்துக்கொண்டார். "மேனேஜர்ட்ட பேசிட்டேன். கோட்ட மாட்டிக்கிட்டு உள்ள போம்மா. அந்தக் கழுத்தையும் மெதுவா தைச்சுரு."

அக்கா ஊசியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. "ஊசி உள்ள வரக் கூடாது, கேட்லயே குடுத்து வையி," என்று பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார்.