நைஜல் ஆக்ராய்ட் உட்கார இடம் தேடுகிறார்

நைஜல் ஆக்ராய்ட் நாற்காலியை நோக்கிப் பின்பக்கமாக வருகிறார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிர்ச்சுவரில் தொங்கும் யாரோ ஒரு பிரபுவின் படத்தை ரசிப்பதாகப் பாவனை. முழங்கால்கள் மெல்ல மடிகின்றன. கடைசி நொடியில் கண் ஒருமுறை கீழே போய் வருகிறது. பட்டு இருக்கையின் நட்டநடுவில் காய்ந்த முள்ளுப்பூ ஒன்று வீற்றிருக்கிறது. முழங்கால்கள் நிமிர்கின்றன.

"அருமையான படம்," என்கிறார் மூலையில் காவலிருக்கும் அம்மாளிடம்.

"ஆமாங்க, எல்லாரும் அதத்தான் சொல்றாங்க," என்கிறார் அம்மாள், உட்கார்ந்தபடியே. அவருடைய நாற்காலியில் முள்ளுப்பூ இல்லை. நைஜல் அதைக் கவனிக்காமல் இல்லை.

'உட்காராதீர்கள்' என்று எழுதி வைப்பது யார்க்‌ஷயரில் முரட்டுத்தனம். எனவே எங்கள் பக்கத்துப் பழைய மாளிகைகளில் நாற்காலிக்கு ஒரு முள்ளுப்பூ வைத்துவிடுவார்கள். வந்தவர் தாமே புரிந்துகொண்டு, தாமே வெட்கப்பட்டு, தாமே நகர்ந்துவிடுவார். சாம்ராஜ்யத்தையே இப்படித்தான் ஆண்டிருக்கலாம். முள்ளுப்பூ மலிவு.

நைஜல் என் பக்கத்து வீட்டுக்காரர். ஸ்கிப்டனில் பெரிய சோபாக் கடை ஒன்றில் விற்பனையாளர். "உக்காந்து பாருங்க, உக்காந்தாத்தான் தெரியும்" என்பது அவர் தொழில் மந்திரம். ஊரில் பாதிப் பேரை உட்கார வைத்தவர். ஆனால் வாடிக்கையாளர் முன் பணியாளர் உட்காரக்கூடாது என்பது கடைச் சட்டம். அதனால் நாள் முழுக்க, வகைவகையான மெத்தைகளுக்கு நடுவே, கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரைப் போல அவர் பசியோடு நிற்கிறார். "என் காலு ரெண்டும் எனக்குச் சொந்தமில்லீங்க," என்பார் வேலிக்கு மேலாக. "வாரமெல்லாம் கடைக்கு. ஞாயித்துக்கெழம சங்கத்துக்கு."

சங்கம் என்றால் பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கிற சங்கம். அதில் ஆக்ராய்ட் வீட்டார் குடும்ப உறுப்பினர்கள். பெரியவர்கள் இருவர், பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், எல்லோருக்கும் சேர்த்துச் சந்தா கட்டிவிட்டால் எந்த மாளிகைக்குள்ளும் எத்தனை முறையும் போகலாம். மகள் ஃப்ரெயா நடை பழகிய காலத்தில் ஒரு மாளிகைக் குளத்து வாத்துகளைப் பார்த்துக் கைதட்டினாள். வாசலில் நின்ற சங்கத்துக்காரர் "குடும்பமா சேந்துடுங்களேன்" என்றார். முன்பின் தெரியாத மனிதரிடம் முடியாது என்று சொல்ல நைஜலுக்கு வாய் வரவில்லை. வாத்துகள் பல தலைமுறை கண்டுவிட்டன. ஃப்ரெயாவுக்கு இப்போது வாத்தைக் கண்டாலே கொட்டாவி. ஞாயிற்றுக்கிழமைப் பயணம் மட்டும் நிற்கவில்லை.

இத்தனை காலத்தில் நைஜல் வளர்த்துக்கொண்ட கலைஞானம் முழுவதும் உட்காருவது பற்றியது. எந்த மாளிகையில் எந்தச் சுவரில் படம் தொங்கவில்லை, எங்கே தோளைச் சாய்க்கலாம் என்று அவருக்குத் தெரியும். தோட்டத்தில் பலகை இருக்கைகள் உண்டு; நமது மழையில் அவை காய்ந்ததில்லை. ஒவ்வொன்றிலும் பித்தளைத் தகடு: 'இந்தக் காட்சியை நேசித்த ஈடித்தின் நினைவாக', 'இங்கே அமர விரும்பிய ஆர்தருக்காக'. நைஜல் அவற்றை ஒவ்வொன்றாகப் படிப்பார். "பாத்தீங்களா? செத்தாத்தான் இங்க உக்கார எடம் தர்றாங்க." தேநீர் அறையில் நாற்காலிகள் ஏராளம், அவற்றில் ஆட்களும் ஏராளம். அங்கே சன்னலோரம் செடித்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே ஸ்கோன் என்கிற உருண்டை ரொட்டியைத் தின்பார். அதன் மேல் முதலில் ஜாம், அப்புறம் கிளாட்டட் கிரீம் எனும் கெட்டிப் பாலாடை. இந்த வரிசையில் மட்டும் அவர் கொள்கைப் பிடிப்பு உள்ளவர்.

மனைவி லொரெய்ன் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறவர். முன்னூறு பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் "வரிசையில வா!" என்று கத்திக் கத்திப் பதப்பட்ட குரல். மாளிகைக்குள் நுழைந்ததும் திரைச்சீலையைப் பார்த்து "ஐயோ, எவ்ளோ அழகு!" என்று தொடங்குவார். கட்டிலைப் பார்த்தும் அழகு. கட்டிலுக்குக் கீழே இருக்கும் மூத்திரப் பானையைப் பார்த்தும் அழகு.

இந்த ஒரு சொல்தான் நைஜலின் வாயைப் பூட்டி வைத்திருந்தது.

அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. வருகிற அக்டோபரில் ஃப்ரெயாவுக்குப் பதினெட்டு நிறைகிறது. பிள்ளை இல்லாவிட்டால் குடும்ப அட்டை இல்லை, அட்டை இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தன்னுடையது. ஒரு வருடமாக இந்த அக்டோபரை அவர் மனதுக்குள் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் ஃப்ரெயா உளறிவிட்டாள். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அம்மா கணவன் மனைவி இருவருக்குமாக ஆயுள் உறுப்பினர் அட்டை வாங்கப் போகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை ரேவன்பெக் மாளிகைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வாசல் மேசையிலேயே வாங்கிவிடுவாளாம்.

"ஆயுசுக்கும்!" என்றார் நைஜல் வேலிக்கு மேலாக. தீர்ப்பை நீதிபதி வாயிலிருந்து கேட்டவர் போலிருந்தார்.

"சொல்லித் தொலைங்களேன், புடிக்கலன்னு," என்றேன்.

"எப்படிங்க சொல்றது? வாரம் பூரா அடுத்தவன் பிள்ளைக்குச் சோறு போடறா. அவளுக்கு இருக்கறது இந்த ஒரு சந்தோஷம். அதையும் புடுங்கினா நான் மனுசனா?"

"அப்ப போங்க."

"போறேன். நீங்களும் வாங்க. பின் சீட்டு காலியாத்தான் இருக்கு. நான் கீழ விழுந்தா யாராவது தூக்கணும்ல."

அப்படித்தான் நான் ரேவன்பெக்குக்குப் போனேன்.

வழக்கம்போல மழை. வழக்கம்போல முள்ளுப்பூக்கள். மேல்மாடியில் லொரெய்ன் மகளோடு ஒரு தொட்டிலைப் பார்த்து அழகு சொல்லிக்கொண்டிருக்க, நைஜலின் முழங்கால் சுருக்கென்றது. ஒரு நடைவழியில் திரும்பி, மூடியிருந்த கதவு ஒன்றின் நிலையில் சாய்ந்துகொண்டார். நான் துணைக்குப் பக்கத்தில் நின்றேன். இது பெரிய பிழை. மூடிய கதவு முன்னால் ஓர் ஆங்கிலேயர் நின்றால் அது ஓய்வு. இருவர் நின்றால் அது வரிசை.

மழைக்கோட்டு போட்ட தம்பதி எங்கள் பின்னால் வந்து நின்றார்கள். அவர்கள் பின்னால் ஒரு பாதிரியார். அவர் பின்னால் கைத்தடியோடு இரண்டு அம்மாள்கள். எதற்காக நிற்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது முன்னால் நிற்பவரைச் சந்தேகிப்பதாகும். வரிசை நடைவழி முனையில் திரும்பிக் கண்ணுக்கு மறைந்தது.

"போயிரலாமா?" என்றேன் நைஜலின் காதில்.

"எப்படிங்க? நம்மள நம்பி நிக்கறாங்களே," என்றார் அவரும் கிசுகிசுப்பாக.

அப்போதுதான் திருப்பத்துக்கு அப்பால், வரிசையின் கடைசியிலிருந்து அந்தக் குரல் எழுந்தது. முன்னூறு பிள்ளைகளை அடக்கிய குரல். கணவர் இதே வரிசையின் தலைமாட்டில் நிற்பது குரலுக்கு உரியவருக்குத் தெரியாது.

"எங்க வீட்டுக்காரர் எங்கயோ போய்ட்டாரு. எங்கயாச்சும் ஒரு நாக்காலியக் கொஞ்சிக்கிட்டு இருப்பாரு," என்றார் லொரெய்ன், முன்னால் நின்ற யாரிடமோ. "பழைய வீடுன்னா அவருக்கு உசுரு. ஒவ்வொரு நாக்காலிகிட்டயும் போயி எப்படிக் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறாருங்கறீங்க! சோபா விக்கிறவரு இல்லியா, தொழில் பக்தி."

"உங்களுக்கும் இஷ்டந்தானே?" என்றது ஒரு கிழக்குரல்.

"எனக்கா? அட போங்கம்மா. இந்தத் திரையெல்லாம் தொவச்சே நூறு வருஷம் இருக்கும். அவரு மனசு நோகக்கூடாதேன்னு அழகு அழகுன்னு சொல்லிக்கிட்டு அலையறேன். இப்ப ஆயுள் அட்டை வேற வாங்கப் போறேன். சாகறவரைக்கும் வரணுமேன்னு நெனச்சா இப்பவே இடுப்பு விட்டுப்போவுது."

"புருஷனுக்காக இவ்ளோ செய்றீங்க! சொர்க்கத்துல உங்களுக்குத் தனி எடம் உண்டு."

"அங்கயாவது உக்கார விடுவாங்களா?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் இதைக் கேட்டார்கள். அத்தனை பேரும் கேட்காதவர்கள் போல விட்டத்தைப் பார்த்தார்கள். பாதிரியார் தன் காலணியைப் பார்த்தார்.

நைஜல் கதவு நிலையை விட்டு நிமிர்ந்தார். கத்திக் கூப்பிட முடியாது, மாளிகை. வரிசையை விட்டுப் போகவும் முடியாது, நம்பிக்கைத் துரோகம். கடைசியில் என் பக்கம் திரும்பினார். "பின்னாடி சொல்லி அனுப்புங்க," என்றார். "நைஜலுக்கும் புடிக்காதாம். உக்காரத்தான் எடம் தேடினாராம். அட்டை வேண்டாமாம்."

நான் மழைக்கோட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் "மன்னிக்கணும்" என்று தொடங்கி மனைவியிடம் சொன்னார். மனைவி "மன்னிக்கணும்" என்று பாதிரியாரிடம் சொன்னார். மன்னிப்புகள் ஒவ்வொன்றாகத் திருப்பத்தைக் கடந்து போயின. எங்கள் ஊரில் தபால் தாமதமாகலாம். வரிசையில் கொடுத்த சொல் ஓர் எழுத்து குறையாமல் போய்ச் சேரும்.

பிறகு மன்னிப்புகள் திரும்பி வரத் தொடங்கின.

"மன்னிக்கணும்," என்றார் மழைக்கோட்டுக்காரர் என்னிடம். "'நெசமாவா'ன்னு கேக்கறாங்களாம்."

"சத்தியமா," என்றார் நைஜல். அது போயிற்று.

அடுத்து வந்தது மகளிடமிருந்து. "மன்னிக்கணும். 'எனக்கும் புடிக்காது, நீங்க ரெண்டு பேரும் மனசு கஷ்டப்படுவீங்களேன்னுதான் வந்தேன், அப்ப யாருக்காகத்தான் வந்தோம்?'னு பொண்ணு கேக்கறாளாம்."

அதற்குள் திருப்பத்துக்கு அப்பால் லொரெய்ன் சிரிக்க ஆரம்பித்திருந்தார். அந்தச் சிரிப்பில் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஆனாலும் அவர் முன்னால் வரவில்லை. நிற்பது சொந்தப் புருஷனாகவே இருக்கட்டும், வரிசையில் முந்துவது முந்துவதுதான்.

கதவு திறந்தது. ஏப்ரன் கட்டிய பெண் ஒருத்தி வாளியும் தரைதுடைப்பானுமாக வெளியே வந்து எங்களைப் பார்த்துத் திகைத்தாள். "என்னங்க வேணும்?"

யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. உள்ளே விளக்குமாறுகள், சோப்புத் தூள், ஒரு கம்பி அலமாரி. மூலையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. அதன் மேல் ஒன்றும் இல்லை.

"அதுல உக்காரலாமா?" என்றார் நைஜல்.

"அதுக்குத்தான கெடக்கு."

நைஜல் உள்ளே போய் உட்கார்ந்தார். உடம்பிலிருந்து ஒரு மூச்சு வந்தது. அது பல ஞாயிற்றுக்கிழமைகளின் மூச்சு. வரிசை நகர்ந்தது. காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். ஏமாந்ததை யாரும் முகத்தில் காட்டவில்லை. "அந்தக் காலத்து வேலைக்காரங்க அறை போல," என்றார் கைத்தடி அம்மாள். "ரொம்ப நல்லா வச்சிருக்காங்க," என்றார் பாதிரியார். நைஜல் இரண்டு பேருக்கும் தலையசைத்தார்.

கடைசியாக லொரெய்ன் வந்தார். கணவரை மேலும் கீழும் பார்த்தார். "குனிஞ்சு குனிஞ்சு பாத்தது இதுக்குத்தானா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"நீ மட்டும்? பானையப் போயி அழகுன்ன."

"ஆமா, அந்தப் பானைய வேற யாரு அழகுன்னு சொல்லுவா?" காலி வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஃப்ரெயா கதவில் சாய்ந்து, இருவரையும் போனில் படம் எடுத்தாள். அந்த மாளிகையில் அவள் எடுத்த ஒரே படம் அதுதான்.

வாசலில் ஒரு கண்டம் இருந்தது. "ஆயுள் அட்டை பத்திப் போன வாரம் கேட்டீங்களே அம்மா?" என்றார் மேசைக்காரர் மலர்ந்த முகத்தோடு. லொரெய்ன் நைஜலைப் பார்த்தார், நைஜல் மழையைப் பார்த்தார். வெறுங்கையோடு போவது நன்றாக இருக்காது என்று அட்டைக்குப் பதில் ஒரு பெரிய பாட்டில் ருபார்ப் எனும் புளிப்புத் தண்டின் ஜாம் வாங்கிக்கொண்டு வந்தோம். ருபார்ப் அவர்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. அது இப்போது என் வீட்டில் இருக்கிறது; வாங்கிக்கொள்ள முடியாது என்று எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு, புறப்படுகிற நேரத்துக்கு, பழக்கதோஷத்தில் சன்னல் வழியே பார்த்தேன். கார் கழுவித் துடைத்து நின்றது. கண்ணாடியில் சங்கத்தின் ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது. நைஜல் வீட்டுச் செருப்போடு தூறலில் வெளியே வந்தார். காரின் கதவைத் திறந்தார். கம்பளிச் சட்டைப் பையிலிருந்து, கால்வாய்க் கரையில் பறித்திருக்க வேண்டும், காய்ந்த முள்ளுப்பூ ஒன்றை எடுத்து, ஓட்டுநர் இருக்கையின் நட்டநடுவில் இரண்டு கையாலும் வைத்தார். சற்றுத் தள்ளி நின்று பார்த்து, ஒரு விரலால் நேராக்கினார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு உள்ளே போனார்.